குழம்பைப் பார்த்து ஒயின்: வேலூர் வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

மீனுக்கு வெள்ளை ஒயின், கறிக்குச் சிவப்பு ஒயின் என்ற விதியை நம்பித்தான் நானும் தொடங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புதன்கிழமை இரவு, காட்பாடியில் எங்கள் வீட்டில், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து வைத்த ஆட்டுக்கறிக் குழம்போடு கனமான சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தேன். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனர் இரண்டு வாய் சாப்பிட்டு ஒரு மிடறு குடித்துவிட்டு, "மாமா, குழம்புல இவ்வளவு காரம் இல்லையே, இதைக் குடிச்ச பிறகுதான் நாக்கு எரியுது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. குழம்பிலும் குறையில்லை, ஒயினிலும் குறையில்லை. இரண்டையும் சேர்த்ததில்தான் பிழை இருந்தது.

அந்த விதி வெண்ணெயிலும் பாலாடையிலும் சமைக்கிற, மிளகாயும் புளியும் அதிகம் சேராத சமையலில் உருவானது. நம் வீட்டில் ஒரே கத்திரிக்காய் திங்களன்று பருப்போடு கூட்டாகவும், வியாழனன்று புளியில் கொதித்த எண்ணெய்க் கத்திரிக்காயாகவும் தட்டுக்கு வருகிறது. இரண்டுக்கும் ஒரே ஒயின் பொருந்தாது. ஆகவே தட்டில் இருப்பது கறியா, மீனா, காயா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழம்பில் புளிப்பு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்து ஒயினைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

தொடங்கும் முன்

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். கருவுற்றிருப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மருந்து எடுத்துக்கொள்பவர்களில் மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவர்கள், சாப்பிட்ட பின் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி உரியதன்று. குடிப்பழக்கம் இல்லாதவர் எவரும் உடல்நலத்துக்கு நல்லது என்று எண்ணி ஒயினைத் தொடங்க வேண்டாம். எந்த அளவு மதுவையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே எப்போதாவது அருந்துகிறவர்கள், அதைச் சாப்பாட்டோடு, சிறிய அளவில், சுவைக்காக மட்டும் அருந்தக் கற்றுக்கொள்ள விரும்பினால், அவர்களுக்காகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதற்படி: ஒயினில் நான்கு விஷயங்களை நாக்கால் அடையாளம் காணுங்கள்

புதிதாக வருகிறவர்களில் பலர் கிறிஸ்துமஸ் கேக்கோடு தரப்படும் இனிப்பு ஒயினை மட்டுமே சுவைத்திருப்பார்கள். அல்லது கம்பத்துப் பன்னீர்த் திராட்சையின் மணத்தை எதிர்பார்த்துப் பாட்டிலைத் திறப்பார்கள். உணவோடு அருந்தும் ஒயின்களில் பெரும்பாலானவற்றில் இனிப்பு மிகக் குறைவாகவே இருக்கும் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் ஏற்படாது.

கவனிக்க வேண்டியவை புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு ஆகிய நான்கு. புளிப்பு நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறச் செய்யும். இனிப்பு நமக்குத் தெரிந்ததே. ஆல்கஹாலின் சூடு விழுங்கிய பின் தொண்டையில் தெரியும். பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்தாலே அதை ஓரளவு கணிக்கலாம். அன்றாட ஒயின்கள் பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதத்துக்குள் அடங்கும்.

துவர்ப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது அந்நியமான பொருள் அல்ல. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில் தோலைப் பதனிட்டார்கள். அந்தப் பட்டையிலும் காயிலும் இருக்கும் டானின் என்ற பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதைக் கெட்டிப்படுத்துகிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பதும் அந்த வகைப் பொருளே. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்தே நொதிக்க வைப்பதால் அதில் டானின் மிகுதியாக இறங்குகிறது. வெள்ளை ஒயினைப் பெரும்பாலும் தோலை நீக்கிய சாற்றிலிருந்து செய்வதால் அதில் துவர்ப்பு மிகக் குறைவு. வாயில் அது எச்சிலின் புரதத்தோடு பிணைவதால்தான், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தாற்போல ஈறும் கன்னமும் வறண்டு இறுகுகின்றன. கொழுப்பும் புரதமும் உள்ள கறித்துண்டை மென்றுகொண்டே குடித்தால் அந்த இறுக்கம் தணிகிறது; கறிக்குச் சிவப்பு என்ற விதியின் வேர் இதுதான். ஆனால் மிளகாயால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் வாயில் துவர்ப்பு சேரும்போது உரசல்தான் மிஞ்சுகிறது.

ஆல்கஹாலுக்கும் மிளகாய்க்கும் உள்ள உறவு இதைவிட நேரடியானது. மிளகாயின் கேப்சைசின், வாயில் சூட்டை உணர்த்தும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் நமக்குக் காரம் தெரிகிறது. ஆல்கஹாலும் அதே உணர்விகளைக் கூர்மையாக்குகிறது. எனவே காரமான சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைந்த, துவர்ப்பு குறைந்த, சற்றே இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த ஒயின்தான் உதவும். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: வாங்குதல்

நம் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்ற பெயர் எல்லோர் வாயிலும் இருந்தாலும், சாதாரண மதுக்கடையில் நல்ல ஒயின் கிடைப்பது அரிது. டாஸ்மாக் நிறுவனத்தின் எலைட் கடைகளில்தான் தேட வேண்டும். அங்கும் இருப்பு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரு குறிப்பிட்ட பாட்டிலின் பெயரைக் காட்டிலும் திராட்சை வகையின் பெயரைத் தெரிந்துகொண்டு போவது பயன்தரும். வேறு மாநிலத்திலிருந்து பாட்டில்களைக் கொண்டுவருவதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளதால், பெங்களூரு போய்வருகிறவர்களிடம் சொல்லியனுப்பும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடக்கத்துக்கு இந்திய ஒயின்களே போதும். பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் 1988-இல் தொடங்கப்பட்ட குரோவர், நாசிக்கிலிருந்து 2000-ஆம் ஆண்டில் தன் முதல் ஒயின்களை வெளியிட்ட சுலா, சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜில் தோட்டங்களை வைத்திருக்கும் ஃபிராடெல்லி ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. இவற்றில் நான்கே நான்கு வகைகளை முதல் ஆறு மாதங்களுக்கு மாற்றி மாற்றி வாங்குங்கள்: செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க், ரோஸே, ஷிராஸ். செனின் பிளாங்க் வெள்ளை ஒயின். இந்தியாவில் செய்யப்படுபவற்றில் பலவற்றுக்குச் சிறிது இனிப்பு உண்டு. சாவிஞான் பிளாங்க்கும் வெள்ளைதான், ஆனால் இனிப்பின்றிக் கூர்மையான புளிப்போடும் பச்சிலை மணத்தோடும் இருக்கும். ரோஸே, சிவப்புத் திராட்சையின் தோலைச் சிறிது நேரமே ஊறவைத்து எடுத்த இளஞ்சிவப்பு ஒயின். ஷிராஸ் சிவப்பு. கையில் கொஞ்சம் பணம் மிஞ்சும்போது ‘புரூட்’ என்று எழுதியிருக்கும் நுரைக்கும் ஒயின் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று, அறுவடை ஆண்டு. நாசிக் பகுதியில் அறுவடை பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடக்கும். எளிய வெள்ளை ஒயினும் ரோஸேயும் அந்த ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அருந்தத் தக்கவை. மற்றொன்று, வெப்பத்தின் அடையாளம். தக்கை மேலெழும்பியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ அந்தப் பாட்டில் சூட்டில் வெந்துவிட்டது என்று பொருள். திருகு மூடியுள்ள பாட்டில் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. புதியவர்களுக்கு அதுவே வசதியானது.

வாங்கியதும் நேரே வீட்டுக்கு வாருங்கள். மே மாதத்தில் ஒருநாள் வாங்கிய பாட்டிலை ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, மண்டித் தெருவில் இரண்டு மணி நேரம் வேறு வேலைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிரவு திறந்தபோது பழமணம் முழுவதும் போய், வெல்லப்பாகு காய்ச்சிய சட்டியின் மணம்தான் எஞ்சியிருந்தது. நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு அதைவிட அதிகமாகிறது.

மூன்றாம் படி: குளிர வைத்தல்

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எழுதியவர்கள், 18 டிகிரி உள்ள அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். நம் அறை வெப்பநிலை இரவு ஒன்பது மணிக்கும் 30 டிகிரிக்கு மேல் நிற்கும் மாதங்கள் உண்டு. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். ஆகவே சிவப்பு ஒயினை முக்கால் மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். 14 முதல் 18 டிகிரி வரை இருந்தால் போதும். வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 10 டிகிரி வரை குளிர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். காலையிலேயே வைத்துவிடுவது எளிது.

மறந்துவிட்டால், ஒரு குண்டானில் பாதியளவு ஐஸ், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் பாட்டிலை ஆங்காங்கே மட்டுமே தொடுகிறது. தண்ணீர் முழுவதுமாகச் சூழ்ந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. உப்பு அந்தத் தண்ணீரைப் பூச்சியத்துக்கும் கீழே கொண்டுபோகிறது. கோப்பைக்குள் ஐஸ் போடாதீர்கள்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் நிறமும் தெரியாது, மணமும் தங்காது. மேல்வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பை இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். வார நாளில் ஒருவருக்கு ஒன்று போதும். சிறிது சிறிதாக ஊற்றினால் மிச்சம் பாட்டிலில் குளிர்ந்தபடியே இருக்கும்.

நான்காம் படி: அன்றைய குழம்புக்கு ஏற்றதைத் தேர்தல்

முதலில் புளி. உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைவாக இருந்தால் ஒயின் சப்பென்று தண்ணீராகத் தோன்றும். எண்ணெய்க் கத்திரிக்காய், காரக்குழம்பு, வத்தக்குழம்பு ஆகியவற்றுக்கு வெள்ளை ஒயின்களை நான் முன்வைப்பதற்கு இதுவே காரணம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து ஊற்றிப் புளியில் கொதிக்க வைத்தால், அதற்குச் செனின் பிளாங்க்கைப் போலப் பொருந்துவது வேறில்லை என்பது என் முடிவு. அதன் மெல்லிய இனிப்பு மிளகாயைத் தணிக்கிறது, புளிப்பு புளிக்கு ஈடுகொடுக்கிறது, குளிர்ச்சி எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கிறது. ஒரே ஒரு பாட்டில் வாங்கி ஒரே ஒரு சேர்க்கையைச் சோதிக்க விரும்புகிறவர்கள் இதைச் சோதியுங்கள்.

கீரைக் கடைசலும் பச்சைப்பயறு கடைசலும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்ந்த, புளி குறைந்த உணவுகள். இவற்றோடும், கொத்தமல்லித் துவையல், புதினாச் சட்னி ஆகியவற்றோடும் சாவிஞான் பிளாங்க் நன்றாகச் சேரும். பச்சைக் குடைமிளகாயின் மணத்துக்குக் காரணமான அதே வகைச் சேர்மம் அந்தத் திராட்சையிலும் இருப்பதால், தழை மணத்தோடு ஒயினின் மணமும் ஒன்றாகிவிடுகிறது. களியும் கீரைக் கடைசலும் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் ஒயின் கோப்பையா என்று முதலில் தயங்குவீர்கள். கேழ்வரகின் மண்மணத்துக்கும் அது இடைஞ்சல் செய்வதில்லை.

அதே களிக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து, மீனின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சியைக் கிளப்பிவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். கருவாட்டில் அது பன்மடங்காகத் தெரியும். மிகக் குளிர்ந்த புரூட் ஒன்றுதான் என் நாக்குக்கு ஒத்துவந்தது. மோரே மேல் என்று வீட்டில் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஏரிக் கெண்டையையோ விராலையோ மசாலா தடவி வறுக்கும் நாளில் கவலையில்லை. எலுமிச்சை பிழிந்து, சாவிஞான் பிளாங்க்கோடு சாப்பிடலாம்.

கறிக்கு வருவோம். குழம்பின் காரம் மிளகாயிலிருந்து வருகிறதா, மிளகிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். மிளகும் சோம்பும் தூக்கலாக வைத்த கறி வறுவலுக்கு ஷிராஸ் மிகப் பொருத்தம். ஷிராஸில் சிலவேளை எழும் மிளகு மணத்துக்கு ரோட்டண்டோன் என்ற பொருளே காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். மிளகில் மணப்பதும் அதே பொருள்தான். முக்கால் மணி நேரம் குளிர்ந்த ஷிராஸை மிளகு வறுவலோடு அருந்தும்போது இரண்டும் ஒரே அம்மியில் அரைத்தவைபோல் இருக்கும். சிவப்பு மிளகாய் அரைத்த குழம்பானால் ஷிராஸை விட்டுவிட்டு ரோஸேவை எடுங்கள். என் மைத்துனருக்கு நான் அன்று ஊற்றியிருக்க வேண்டியதும் அதுதான்.

ஆம்பூர் பிரியாணியும் இந்தக் கணக்கில்தான் வரும். சீரகச் சம்பா அரிசி, அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், தொட்டுக்கொள்ளப் புளித்த கத்திரிக்காய் என்று இருக்கும் தட்டில் பட்டை, கிராம்பின் ஆதிக்கம் குறைவு. கறியின் சுவையே மேலோங்கி நிற்கும். ரோஸே அதற்கு நன்றாகவே நிற்கும். கத்திரிக்காயை அதிகம் ஊற்றிக்கொள்பவர்கள் செனின் பிளாங்க்குக்குப் போகலாம். மரப்பீப்பாயில் நாள்பட வைத்த, விலை உயர்ந்த சிவப்பு ஒயினைப் பிரியாணிக்கென்று வாங்கி வீணாக்காதீர்கள்.

தோசைக்கும் இட்லிக்கும் வேர்க்கடலைச் சட்னி அரைத்த இரவில் செனின் பிளாங்க் போதும். முட்டை தோசைக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் நுரைக்கும் ஒயின் கூடுதல் சுகம், ஏனெனில் எண்ணெயில் பொரிந்த, உப்பான எதையும் அந்த நுரை வாயிலிருந்து துடைத்துவிடுகிறது.

சாம்பார் சோற்றுக்குத் தேவையில்லை. ரசம், தயிர்ச் சோறு ஆகிய இரண்டோடும் ஒயினைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சூடாகவும் நீராகவும் இருக்கும் ரசத்தோடு இன்னொரு நீரைச் சேர்ப்பதில் பொருளில்லை, தயிரோ ஒயினின் மணத்தை மூடிவிடும். ஆற்காட்டு மக்கன் பேடாவுக்கும் இதே தீர்ப்புதான். இனிப்புப் பலகாரத்தைவிட ஒயின் இனிப்பாக இருந்தால்தான் சேரும். பாகில் ஊறிய பேடாவுக்கு முன்னால் எந்த ஒயினும் புளித்துப்போகும். கோப்பையைக் கழுவி வைத்த பிறகு பேடாவை எடுங்கள்.

ஐந்தாம் படி: சாப்பிடும்போது சரிசெய்தல்

முதலில் ஒயினை மட்டும் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். பிறகு இரண்டு வாய் சாப்பிடுங்கள். வாயிலுள்ளதை விழுங்கியபின் மறுபடி ஒரு மிடறு. ஒயின் முன்பைவிடக் கசப்பாகவோ, துவர்ப்பாகவோ, எரிச்சலாகவோ மாறியிருந்தால் சேர்க்கை பொருந்தவில்லை. முன்பைவிட மென்மையாகவோ பழச்சுவை கூடியோ தெரிந்தால் பொருந்திவிட்டது.

பொருந்தாவிட்டால் உடனே பாட்டிலை மூடிவிட வேண்டாம், தட்டிலேயே ஒரு வைத்தியம் உண்டு. வறுவலின் மேல் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துவிட்டு மறுபடி சுவையுங்கள். உணவில் புளிப்பும் உப்பும் கூடினால் ஒயினின் கடுமை குறையும். இனிப்பு கூடினால் கடுமை அதிகரிக்கும். குழம்பில் வெல்லம் போடும் வழக்கமுள்ள வீடுகளில் துவர்ப்பான ஒயின் இன்னும் முரட்டுத்தனமாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். எலுமிச்சையும் உதவாவிட்டால் அந்த ஒயினை வெறும் வறுத்த வேர்க்கடலையோடு முடித்துக்கொண்டு, சோற்றைத் தண்ணீரோடு சாப்பிடுங்கள். ஒரு சிறிய நோட்டில் தேதி, குழம்பு, திராட்சை வகை, சேர்ந்ததா இல்லையா என்ற நான்கை மட்டும் குறித்து வாருங்கள். ஒவ்வொரு வீட்டின் மிளகாய்த்தூளும் வேறு என்பதால், என் பட்டியலைவிட உங்கள் நோட்டு உங்களுக்கு விரைவில் நம்பகமானதாகிவிடும்.

ஆறாம் படி: மிச்சத்தைப் பாதுகாத்தல்

இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒரு பாட்டில் ஒரே இரவில் தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திறந்த ஒயினைக் கெடுப்பது காற்று. சூடு அதை விரைவுபடுத்துகிறது. ஆகவே சிவப்பானாலும் மூடி ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். சாப்பிட உட்காரும் முன்பே, நன்றாகக் கழுவிக் காயவைத்த சிறிய கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் பாதியை விளிம்புவரை நிரப்பி இறுக மூடிவிட்டால், உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது. நான்கு நாள் வரை அதில் பெரிய மாற்றம் தெரியாது. நுரைக்கும் ஒயின் மட்டும் மறுநாளே அடங்கிவிடும் என்பதால், அதை வீட்டுக்கு ஆட்கள் வரும் நாளில் திறப்பது நல்லது. ஐந்தாம் நாளும் மீந்திருக்கும் சிவப்பு ஒயினில் கால் கோப்பையை எடுத்து, இஞ்சி பூண்டு விழுதோடும் மிளகோடும் கலந்து ஆட்டுக்கறியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வறுக்கலாம். ஒயின் கறியில் கலப்பதால் வீட்டிலுள்ள எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி, வேண்டாம் என்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாக வறுத்து வையுங்கள்.